பீட்டன் மண்டபத்துப் பியானோ

அத்தியாயம் 9

வீட்டு முன்னறைக்கு வந்ததிலிருந்து வெர்னா ஹாக்கட் அந்தப் பியானோவின் மூடியைத் திறக்கவே இல்லை. தினமும் காலையில் மெல்லிய துணியால் துடைப்பாள். மேலே வைத்த பூச்சாடியைக் கொஞ்சம் நகர்த்துவாள். அவ்வளவுதான். வழக்கு முடியட்டும், அப்புறம் வாசிப்பாள் என்று அவள் மகன் லைல் நினைத்துக்கொண்டிருந்தான்.

வழக்கே அந்தப் பியானோவால் வந்ததுதான். கெட்டில் ஏரிக்கரையில் பீட்டன் மண்டபம் என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. கோடைகாலத்தில் சனிக்கிழமை தவறாமல் நடனம் நடந்த இடம். வெர்னா அங்கே பியானோ வாசித்தவள். மண்டபம் மூடிப் பல வருஷமாகிறது. அதை நடத்திய சிரில் பீட்டனும் போன குளிர்காலத்தில் காலமாகிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சொத்தெல்லாம் அண்ணன் மகள் கொரினுக்குப் போயிற்று.

கொரின் மண்டபத்தை விற்கப் போகிறாள், உள்ளே இருப்பதெல்லாம் ஏலம் என்று பேச்சுக் கிளம்பியதும் லைல் தன் சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு பிக்-அப் வண்டியில் போனான். பக்கக் கதவின் பூட்டை உடைத்தான். பியானோவை ஏற்றிக் கயிறு கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். எல்லாம் பட்டப்பகலில். வழியில் எதிர்ப்பட்ட தபால்காரருக்குக் கை வேறு காட்டினான்.

போலீஸ் வந்தபோது காபி போட்டுக் கொடுத்து, இது எங்கள் அம்மாவின் பியானோ, மண்டபத்தில் வைத்திருந்தோம், அவ்வளவுதான் என்று விளக்கினான். போலீஸ்காரர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு திருட்டு ஒன்று, பூட்டை உடைத்து நுழைந்தது ஒன்று என்று இரண்டு குற்றம் பதிவு செய்துகொண்டு போனார்.

இன்று விசாரணை.

லைலின் அக்கா ரோஸ்லின் நேற்றே டொரொன்டோவிலிருந்து வந்துவிட்டாள். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு முப்பத்தைந்து வயதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தவள். வரும் திங்கட்கிழமை அவளுக்கு முதலாண்டுத் தேர்வு. பாடம், குற்றங்களும் உரிமையியல் தீங்குகளும். தம்பி வழக்கும் அதே பாடத்தில் வந்து விழுந்தது அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கோர்ட் இருக்கும் ஊருக்குக் காரில் அரை மணி நேரப் பாதை. லைல் ஓட்டினான். அப்பாவின் பழைய சாம்பல் நிறக் கோட்டு அவனுக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. வெர்னா பின் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

"வக்கீலம்மா, எனக்கு எத்தனை வருஷம் கிடைக்கும்?" என்று கேட்டான் லைல்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா ஒண்ணும் கிடைக்காது."

"நம்ம பொருள நாம எடுத்தோம். இதுல கோர்ட்டுக்கு என்ன வேலை?"

ரோஸ்லின் பாடம் எடுக்க நினைக்கவில்லை. ஆனால் தேர்வுக்குப் படித்தது நுனிநாக்கில் நின்றது. ஒரே காரியத்துக்கு இரண்டு கதவு உண்டு என்றாள். முதல் கதவுக்குள் அரசாங்கம் உன் எதிரே நிற்கும். கெட்ட எண்ணத்தோடு செய்தாயா என்பதுதான் அங்கே கேள்வி. அதைச் சந்தேகமில்லாமல் நிரூபிக்கவேண்டியது அவர்கள் பொறுப்பு. இரண்டாவது கதவுக்குள் கொரின் உன் எதிரே நிற்பாள். உன் எண்ணம் நல்லதா கெட்டதா என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அவள் பொருளை எடுத்தாயா, அவள் கதவை உடைத்தாயா, அவ்வளவுதான்.

"அப்ப ஒரே அடிக்கு ரெண்டு பக்கமும் வீங்கணுமா?"

"அது நம்ம பியானோவா இருந்தா எந்தப் பக்கமும் வீங்காது. கதவுக்கு மட்டும் ஒரு பூட்டு வாங்கிக் குடுத்துரலாம்."

"அப்புறம் என்ன? நம்ம பியானோதான்" என்று லைல் சீட்டியடித்தான்.

பின்னாலிருந்து வெர்னா மெதுவாகக் கேட்டாள்: "ரோஸ், கூண்டுல ஏறினா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்தானே?"

"போதும்மா. கேட்டதுக்கு மட்டும். ஆனா உண்மையச் சொல்லணும்."

வெர்னா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோர்ட் என்பது நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் ஒரு பெரிய அறை. வெயிலுக்கு ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். கீழே உருளைக்கிழங்கு வறுக்கும் வண்டியிலிருந்து வினிகர் வாசனை மேலே வந்தது. கூட்டம் கொஞ்சம் அதிகம்தான். பாதிப் பேர் வழக்குக்காக வந்தவர்களல்ல, மண்டபத்துக்காக வந்தவர்கள். அங்கே ஆடிக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நீதிபதி முதலில் ஒன்று சொல்லிவிட்டார். தாமும் கல்லூரி நாட்களில் அந்த மண்டபத்தில் ஆடியிருப்பதாகவும், இந்தப் பியானோவைக் கேட்டிருப்பதாகவும், இரு தரப்பில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் வேறு நீதிபதியிடம் அனுப்புவதாகவும் சொன்னார். அரசு வக்கீல் எழுந்து, அப்படிப் பார்த்தால் இந்த மாவட்டத்தில் நீதிபதியே கிடைக்கமாட்டார் என்றார். அறை சிரித்தது. வெர்னா சிரிக்கவில்லை.

கொரின் பீட்டன் முதலில் ஏறினாள். நாற்பது வயதுக்குள் இருப்பாள், பள்ளிக்கூட ஆசிரியை, நிதானமான பேச்சு. சித்தப்பாவின் பொருள்கள் தனக்கு வந்தவை, பியானோ மண்டபத்து மேடையில் எப்போதும் இருந்தது, கதவை உடைத்து எடுக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்றாள். லைலைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை.

பிறகு லைல். அவன் வக்கீல் ஃபெரிஸ் அவனை அதிகம் பேசவிடவில்லை. ஆனால் அரசு வக்கீல், அது உங்கள் பியானோ என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதும் லைலுக்கு வாய் திறந்துகொண்டது.

அவனுக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும் என்றான். அப்பா மர ஆலை விபத்தில் இறந்த மறு வருஷம் அது. சனிக்கிழமையானால் அம்மா அவனையும் அக்காவையும் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். மேடைக்குப் பின்னால், ஏரிக்குளிருக்கு ஆட வந்தவர்கள் போட்டு வந்த கோட்டுகள் மலைபோல் குவிந்திருக்கும். அதன்மேல் இரண்டு பேரும் படுத்துக்கொள்வார்கள். அங்கிருந்து பார்த்தால் ஆடுகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். வழுக்குவதற்காகத் தரையில் சோளமாவு தூவியிருப்பார்கள். அது செருப்புகளின் அடியில் நறநறவென்று அரைபடும். அம்மா இடது காலின் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தாளம் போடுவாள். 'நம்ம பியானோம்மா' என்று அவன் பெருமையாகக் கூவுவான். அம்மா திரும்பிப் பார்த்துத் தலையசைப்பாள்.

"நான் எடுத்தது எங்க வீட்டுப் பொருளத்தான் சார். வேற யாரோடதுன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல."

முன்வரிசையில் ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சினார்.

அடுத்து வெர்னா. ஃபெரிஸ் அவளிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கவே அழைத்திருந்தார். பியானோ நம்முடையது என்று பையனிடம் நீங்கள் சொன்னதுண்டா? சொல்லியிருக்கிறேன் என்றாள். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஃபெரிஸ் திருப்தியாக உட்கார்ந்தார்.

அரசு வக்கீல் எழுந்தார். இளைஞர். அவருக்கே அந்தக் கேள்வியில் பெரிய நம்பிக்கை இல்லாததுபோல் சாதாரணமாகக் கேட்டார்.

"பையன்கிட்ட சொன்னது சரிம்மா. அது உண்மையாவே உங்க பியானோதானா?"

ரோஸ்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். இரண்டு கதவும் அதோடு மூடிவிடும். தம்பிக்கு வழக்கு இல்லை, பியானோவும் வீட்டிலேயே இருக்கும். இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிவந்த சொல்தானே, இன்னொரு முறை சொல்வதில் என்ன?

வெர்னா மகனைப் பார்த்தாள். அவன் தைரியம் சொல்வதுபோல் சிரித்தான்.

"இல்ல" என்றாள் வெர்னா. "எங்கப்பா என் கல்யாணத்துக்குக் குடுத்தது. அப்புறம் நான் அத சிரில் பீட்டனுக்குக் குடுத்துட்டேன். இரவல் இல்ல. குடுத்தேன்."

"எப்போ?"

"என் வீட்டுக்காரர் போன மறு வருஷம்."

லைலின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப பையன்கிட்ட ஏன் உங்களுதுன்னு சொன்னீங்க?"

"வீட்டுல பியானோ இருந்த எடம் காலியா கெடந்துச்சு. அப்பாவும் இல்ல. பியானோவும் போயிடுச்சான்னு கேட்டான். இல்லடா, நம்மளுதுதான், மண்டபத்துல இருக்குதுன்னு சொன்னேன். ஒரு தடவ சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல மனசு வரல."

எதற்காகப் பீட்டனுக்குக் கொடுத்தீர்கள் என்று அரசு வக்கீல் கேட்டார். ஃபெரிஸ் உடனே எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி ஒரு கணம் யோசித்தார். கொடுத்தார் என்பது இந்த வழக்குக்கு வேண்டும், ஏன் கொடுத்தார் என்பது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெர்னா நீதிபதியை நன்றியோடு பார்த்ததை ரோஸ்லின் கவனித்தாள்.

ஃபெரிஸ் அதற்குள் சுதாரித்துக்கொண்டார். மறுபடி தன் முறை வந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "நீங்க குடுத்த விஷயம் லைலுக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான். இங்கதான்."

அந்தப் பதில்தான் லைலைக் காப்பாற்றியது. அடுத்தவர் பொருளை எடுத்துவிட்டால் மட்டும் திருட்டாகிவிடாது, அடுத்தவருடையது என்று அறிந்து எடுக்கவேண்டும் என்றார் நீதிபதி. இந்த மனிதன் தாய் சொன்னதை நம்பினான், அந்த நம்பிக்கை நேர்மையானது. திருடும் எண்ணம் இல்லாததால் பூட்டை உடைத்து நுழைந்த குற்றமும் நிற்காது. விடுதலை. பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, பியானோ யாருக்குச் சேரும் என்று நான் தீர்ப்பளிக்கவில்லை, அதற்கு வேறு கோர்ட் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார்.

கைதட்டல் எழுந்தது. பலர் லைலின் தோளைத் தட்டினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

ரோஸ்லினுக்குப் புத்தகத்தில் படித்தபோது விளங்காதது இப்போது விளங்கியது. அம்மாவின் ஒரே வாக்குமூலம் தம்பியைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அதே வாக்குமூலம் பியானோவைக் கொரின் கையில் கொடுத்துவிட்டது. அம்மாவுக்கு இது முன்பே தெரிந்திருந்ததா? காரில் கேட்ட கேள்வி நினைவு வந்தது. தெரிந்தேதான் ஏறியிருக்கிறாள்.

வெளித் தாழ்வாரத்தில் கொரின் காத்திருந்தாள்.

"நீ திருடன் இல்லன்னு எனக்கும் தெரியும் லைல். ஜெயிலுக்குப் போகலங்கறதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா கதவு ஒடஞ்சு கெடக்கு, சித்தப்பாவோட பியானோ உன் வீட்டுல இருக்கு. திருப்பிக் குடுத்துட்டா நான் வேற கோர்ட்டுக்குப் போகவேண்டியிருக்காது."

லைல் படியிறங்கிப் போனான்.

கொரின் வெர்னாவின் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "நீங்க வாசிக்கிறத நிறுத்தின பிறகு சித்தப்பா அத வேற யாரையும் தொடவிடல. மண்டபத்த மூடின பிறகும் வருஷா வருஷம் ஆள் கூட்டி வந்து சுருதி சேத்து வச்சாரு. ஏன்னு கேட்டா சிரிப்பாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"இங்க வேண்டாம் கொரின்" என்றாள் வெர்னா.

வீட்டுக்கு வந்ததும் லைல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டுப் பியானோவுக்கு எதிரே நின்றான். ரோஸ்லின் ரொட்டியும் குளிர்ந்த கோழி இறைச்சியும் எடுத்து மேஜையில் வைத்தாள். யாரும் தொடவில்லை.

"நீதிபதி தனக்கு வேண்டாம்னாரு" என்றான் லைல். "எனக்கு வேணும். ஏன் குடுத்த?"

வெர்னா கைப்பையை இன்னும் கீழே வைக்கவில்லை. அதோடு பியானோ ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். கணவர் போன பிறகு சிரில் அவளிடம் வந்து கல்யாணம் பேசினார். அவசரமில்லை, யோசித்துச் சொல் என்றார். அவளால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. ஊர் சின்னது, துக்கம் பெரியது, குழந்தைகள் இரண்டு. பதிலுக்குப் பியானோவைக் கொண்டுபோய் மேடையில் வைத்தாள்.

"பியானோ அங்க இருந்தா, சனிக்கிழமையானா நான் அங்க போறதுக்கு ஒரு காரணம் இருக்கும். யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. இரவல்னு சொன்னா, என்னிக்காவது திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன்னு அவரு நெனப்பாரு. அதனால குடுத்துட்டேன்."

ரோஸ்லினுக்குக் கோட்டுக் குவியலின் கதகதப்பு உடம்பில் வந்து போயிற்று. ஈரக் கம்பளி வாசனை, ஏரிக்காற்று, கடைசி நடனத்துக்கு ஒவ்வொன்றாக அணைத்த விளக்குகள். அந்தச் சனிக்கிழமைகள் தங்கள் இருவருக்காகவும் நடந்தவை என்று அவள் இத்தனை வருஷம் நம்பியிருந்தாள். அம்மா அப்போது முப்பது வயதுப் பெண் என்பது இன்றுதான் அவளுக்கு உறைத்தது.

"நான் தூங்கிப்போனா, யாரோ என்னைக் கார் வரைக்கும் தூக்கிட்டு வருவாங்க" என்றான் லைல். குரல் மாறியிருந்தது. "பைப் புகையில வாசன அடிக்கும். தூக்கக் கலக்கத்துல அப்பான்னு நெனச்சுட்டிருந்தேன்."

"அப்பாவுக்குப் புகையிலப் பழக்கமே இல்லடா" என்றாள் வெர்னா.

லைல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரோஸ்லின் அவன் அழுதுவிடுவான் என்று நினைத்தாள். அவன் பியானோவின்மேல் கையை வைத்தான்.

"சரி. இது இங்கதான் இருக்கும். கொரின் எந்தக் கோர்ட்டுக்கு வேணா போகட்டும்."

"லைல், அது அவளோடதுடா" என்றாள் ரோஸ்லின்.

"அம்மாவுக்கு அந்தாளுகிட்டயிருந்து மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான் ரோஸ். ஏலத்துல எவனோ எடுத்துட்டுப் போய் கராஜ்ல போடவா?"

"நான் சொல்றதக் கேளு. காலைல உனக்குத் தெரியாது. அதனாலதான் வெளிய வந்த. இப்பத் தெரியும். தெரிஞ்சு வச்சுக்கிட்டா அது நேத்து வச்சிருந்த மாதிரி இல்ல. இப்ப உன் மனசுல என்ன இருக்குன்னு கேப்பாங்க. நீ என்ன பதில் சொல்லுவ?"

"உண்மையச் சொல்லுவேன். தெரிஞ்சுதான் வச்சிருக்கேன்னு சொல்லுவேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சின்ன வயதில் பனிக்கட்டி உடைந்த ஏரியில் நாயைக் காப்பாற்ற இறங்கியபோது இருந்த முகம் இப்போது இருந்தது. ரோஸ்லினுக்குப் பயம் வந்தது. காலையில் வந்த பயத்தைவிட இது பெரிது. அப்போது அவன் தப்பு தெரியாமல் செய்தவன்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ரோஸ்லின் திரையை விலக்கிப் பார்த்தாள். கொரின் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லைல் போய்க் கதவைத் தாழிட்டான். தாழிட்ட கதவில் முதுகைச் சாய்த்து நின்றான்.

"கதவத் திற லைல்" என்றாள் வெர்னா.

"மாட்டேம்மா."

அவள் அவனை அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. கண்ணாடி முன் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். மாட்டியிருந்த நீலக் கோட்டை எடுத்து அணிந்தாள். பிறகு சமையலறை வழியாகப் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். அம்மா புல்வெளியைச் சுற்றிக்கொண்டு காரருகே போய்க் குனிந்தாள். கொரினிடம் ஏதோ சொன்னாள். கொரின் முதலில் தலையை ஆட்டி மறுத்தாள். அம்மா இன்னும் ஏதோ சொன்னாள். நீளமாக. கொரின் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எட்டி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"என்ன சொல்றா?" என்றான் லைல். "ரோஸ், அம்மா என்ன சொல்றா?"

ரோஸ்லினுக்குக் கோர்ட் தாழ்வாரத்தில் கொரின் கேட்ட கேள்வி நினைவு வந்தது.

வெர்னா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மண்டபம் மூடிய நாளிலிருந்து அவள் அங்கே போகும் ஏரிப் பாதையில் கால் வைத்ததில்லை; கடைக்குப் போவதற்குக்கூடச் சுற்றுவழிதான். கார் தெருமுனை வரை போய் ஒரு கணம் நின்றது. பிறகு ஏரிப் பக்கம் திரும்பியது.